பச்சை வெளிச்சம் யாருடையது?

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை இர்யாவின் அண்ணன் ரெய்னோ மேல்கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் அம்மா வீட்டுச் சமையலறையிலிருந்து வெளியேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் கொக்கியில்தான் தொங்குகிறது. இன்று வியாழன்.

நாலு நாளாக ஊரின்மேல் மூடுபனி உட்கார்ந்திருந்தது. சுப்பீரியர் ஏரியில் உறைபனி உடையும் ஏப்ரல் மாதத்தில் இப்படித்தான் ஆகும். ஏரி எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. எங்கோ தூரத்தில் பனிப்பாளம் விரிசல் விடும் ஓசை, யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோலக் கேட்கும். அவ்வளவுதான்.

மாவட்டச் சாலை அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்தது. இர்யா எடுத்தாள்.

"ஏம்மா, மலைச்சாலை எப்படி இருக்கு? தெரியுதா?"

"தெரியலைங்க. ஆனா இருக்கு."

மறுமுனையில் சிரிப்பு. "சரி, இருந்தா போதும். மெதுவா வர்றேன்."

இதுதான் இர்யாவின் வேலை. நாற்பத்து நாலு வயது. பதினாறு வருஷமாக இதே நாற்காலி. அழைப்புகளுக்கு நடுவே அவள் படிப்பாள். ஒரு குளிர்காலத்தில் யாரோ தவறவிட்டுப் போன மனோதத்துவப் பாடப்புத்தகம் ஒன்றை யாரும் தேடி வரவில்லை. அதை அவள் புரட்ட ஆரம்பித்தாள், அப்படியே மாட்டிக்கொண்டாள். பிறகு நூலகம், கல்லூரியில் கழித்துக்கட்டிய புத்தகங்கள், வானொலிப் பேச்சுகள். பட்டம் கிடையாது. பரீட்சை கிடையாது. பதினோரு நோட்டுப் புத்தகங்கள் மட்டும் உண்டு.

பனி அள்ளும் வண்டி ஓட்டுநர்கள் ஒன்பது பேரை ஒருநாள் நிற்க வைத்து, "நம்ம ஊர் தபால் நிலையக் கதவு என்ன நிறம்?" என்று கேட்டாள். தினமும் அதைத் தாண்டி வண்டி ஓட்டுகிறவர்கள். ஒன்பது பேரும் சேர்ந்து ஐந்து நிறம் சொன்னார்கள். அத்தனை பேரும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். அன்று முழுக்க இர்யா சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

மேஜைமேல் நோட்டு திறந்திருந்தது. பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டிருந்தாள். பார்த்தது. கேட்டது. நானே சேர்த்தது.

நாலு வயதில் ஏரியின் உறைபனி உடைந்து அவள் உள்ளே விழுந்தாள். அப்பா வயிற்றால் ஊர்ந்து வந்து தூக்கினார். பனிக்கு அடியில் பச்சை வெளிச்சம். சத்தமே இல்லை. பயமும் இல்லை. ஒரு சின்னக் கை மெல்ல அசைந்தது. இதைத்தான் இன்று மாலை ஆறு மணிக்கு நூலகத்தில், ஊரார் ஆளுக்குப் பத்து நிமிடம் தங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லும் குளிர்காலக் கூட்டத்தில், அவள் சொல்வதாக இருந்தது. ஞாயிறன்று காபி நேரத்தில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினாள்.

ரெய்னோ கோப்பையை வைத்தான். "அது நான்" என்றான்.

"என்ன நீ?"

"விழுந்தது நான். ஏழு வயசு எனக்கு. அப்பா வாழ்நாள்லயே என்னைத் தூக்கினது அந்த ஒரு தடவைதான். அதையும் நீ எடுத்துக்கிட்டியா?"

அதன்பின் இருவரும் கத்தியது, கதவு அறைந்தது, எல்லாம் போன வாரம் பார்த்தோம். அன்றிலிருந்து ரெய்னோ தொலைபேசியை எடுக்கவில்லை.

இர்யா பேனாவை எடுத்தாள். பச்சை வெளிச்சம்: பார்த்தது. உறுதி, நூற்றுக்கு நூறு. இந்த வெளிச்சத்தை நம்பித்தான் அவள் நாற்பது வருஷம் தூங்கப் போயிருக்கிறாள். மணமுறிவு நடந்த வருஷத்தில், அப்பா இறந்த வாரத்தில், கண்ணை மூடினால் அங்கே போய்விடலாம். பச்சை, மௌனம், மிதப்பு. அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பாடப்புத்தகத்தையே திறந்தாள்.

அடுத்தது, சிவப்புத் தொப்பி. அதையும் எழுதினாள். அம்மா பின்னியது. வெள்ளைப் பனிமேல் சிவப்பாக, சின்னதாக, தூரத்தில்.

பேனா நின்றது.

என் தலையில் இருக்கும் தொப்பியை நான் எப்படித் தூரத்திலிருந்து பார்த்தேன்?

சிலருக்குத் தங்கள் நினைவில் தங்களையே வெளியே நின்று பார்ப்பதுபோலத் தெரியும், அதனால் மட்டும் அது பொய்யாகிவிடாது என்று புத்தகத்தில் படித்திருக்கிறாள். அது அவளுக்குத் தெரியும். கூடப்பிறந்தவர்கள் ஒரே நினைவுக்கு உரிமை கொண்டாடுவது உலகத்தில் நிறைய நடக்கிறது என்றும் தெரியும். எத்தனை உறுதியாக இருக்கிறோம் என்பது எதற்கும் சாட்சி ஆகாது என்று அவளே வண்டி ஓட்டுநர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அதெல்லாம் தபால் நிலையக் கதவு. இது வேறு.

"வெர்னா, ஒரு மணி நேரம் போனைப் பாத்துக்கறியா?"

பக்கத்து மேஜை வெர்னா தலையைத் தூக்கினாள். "சாயந்திரம் கூட்டத்துக்குப் பயமா?"

"இல்ல. எங்கம்மா வீடு வரைக்கும் போகணும்."

"அப்ப பயம்தான்" என்றாள் வெர்னா.

* * *

கதவைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை. ஹெல்மி அம்மாள் ரொட்டி மாவை மூன்று புரியாக உருட்டிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்து நாலு வயதிலும் வாரத்துக்கு இரண்டு தடவை நிசு என்ற அந்தப் பின்னல் ரொட்டி சுடாமல் அவளுக்கு ஓடாது.

"காலைக் கழட்டிட்டு வா. தரை இப்பத்தான் துடைச்சேன்."

"காலையா கழட்டணும்?"

"செருப்பைடி. எல்லாத்துக்கும் ஒரு குதர்க்கம்." அம்மா திரும்பவில்லை. "அவன் கோட்டை எடுத்துட்டுப் போய்க் குடு. அந்த எண்ணெய் நாத்தத்துல வெறும் சட்டையோட உக்காந்திருப்பான்."

இர்யா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. அந்த வெள்ளையின் உள்ளிருந்து ஒரு காக்கை மட்டும் கத்தியது.

"அம்மா. விழுந்தது யாரு?"

அம்மாவின் விரல்கள் ஒரு புரியைத் தூக்கி மற்றதன்மேல் போட்டன. "ஞாயித்துக்கிழமையே கேட்டிருக்கலாமே."

"நீயே சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினீங்க. நடுவுல எனக்கு எங்க இடம் இருந்துச்சு?"

"இப்ப இடம் இருக்கு. சொல்லு."

அம்மா பின்னலின் நுனியைக் கிள்ளி மடித்தாள். கையைத் துண்டில் துடைத்தாள். எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் வேலைக்கு நடுவே உட்கார்ந்து இர்யா பார்த்ததில்லை. அப்போதே பதில் தெரிந்துவிட்டது.

"ரெய்னோ."

எங்கோ பனிப்பாளம் நீளமாக முனகியது.

"அப்ப நான் எங்க இருந்தேன்? கார்லயா? கரையிலயா?"

"கார்லயும் இல்ல, கரையிலயும் இல்ல. இந்த வீட்டுல, என் மடியில. உனக்குச் சின்னம்மை. உடம்பெல்லாம் கொப்புளம். பத்து நாள் உன்னை வாசப்படி தாண்ட விடலை."

இர்யாவின் கை தானாகப் புருவத்துக்கு மேலே போனது. அங்கே ஒரு சின்னக் குழி. பனிப்பாளத்தின் விளிம்பு கிழித்தது என்று அவள் எத்தனையோ பேரிடம் காட்டியிருக்கிறாள்.

"அது நீ சொறிஞ்சது" என்றாள் அம்மா. "சொறியாதேன்னு கையில காலுறை மாட்டிவிட்டேன். அதையும் பல்லால கடிச்சு இழுத்துட்ட."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை. உடம்பு லேசாகிப்போன மாதிரி இருந்தது, நாற்காலி தன்னைத் தாங்கவில்லை, தான் நாற்காலிமேல் மிதக்கிறோம் என்பதுபோல. இருந்தும் அந்தப் பச்சை போகவில்லை. இமையை மூடினாள். இருந்தது. முன்பைப் போலவே தெளிவாக இருந்தது.

"அம்மா, நான் அதைப் பாக்கறேன். இப்பவும் பாக்கறேன். பொய்யா இப்படி இருக்குமா?"

"இத்தனை புத்தகம் படிச்சியே, அதுல போட்டிருக்காதா?"

"போட்டிருக்கு. கேக்கறது எல்லாம் பாத்த மாதிரி ஆகும்னு போட்டிருக்கு. ஆனா யாரு சொன்னா எனக்கு? நம்ம வீட்டுல யாருமே அதைப் பத்திப் பேசினதில்லையே."

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"உங்கப்பா சொன்னார். தினமும். அந்தக் குளிர்காலம் பூரா. உன்னைத் தூங்க வைக்கும்போது உன் கட்டில்ல உக்காந்து சொல்லுவார். நான் இங்க பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பேன், எனக்குக் கேக்கும். அதே கதை, அதே வார்த்தை. நீயும் விடமாட்ட. மறுபடியும், மறுபடியும்னு கேப்ப."

"என் பேரை வச்சா?"

"ஆமா."

"ஏன்?"

"முதல் நாள் 'ரெய்னோ'ன்னுதான் ஆரம்பிச்சார். பேரு வாயில வந்ததும் அவர் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. கட்டிலே ஆடிச்சு. நீ பயந்து அழுத. மறுநாள் 'இர்யா'ன்னு ஆரம்பிச்சார். நீதான் பக்கத்துல சூடா, பத்திரமா படுத்திருக்கியே. உன் பேரைச் சொன்னா அவரால கதையை முடிக்க முடிஞ்சுது."



"முடிக்கணும் அவருக்கு" என்றாள் அம்மா. "தினமும் ஒரு தடவை அந்தப் பிள்ளையை வெளிய எடுத்துடணும். இல்லைன்னா அவருக்குத் தூக்கம் கிடையாது."

"அதை ரெய்னோகிட்ட சொன்னாரா?"

"எங்க? அவனைப் பாத்தாலே எந்திரிச்சு வெளிய போயிடுவார். கோபம்னு அவன் நெனச்சான். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நெனச்சேன். ஏரிப்பக்கம் அவனைக் கூட்டிட்டுப் போறதையே விட்டார். தொடறதையும் விட்டார். நான் சண்டை போட்டேன். 'தொட்டா விட முடியாது ஹெல்மி'ன்னார். அவ்வளவுதான். அதுக்கு மேல உங்கப்பாகிட்ட வார்த்தை வாங்க முடியுமா?"

அடுப்பின் சூட்டில் ஜன்னல் கண்ணாடி வியர்த்திருந்தது. அம்மா எழுந்து ரொட்டியை உள்ளே தள்ளினாள்.

"நாப்பது வருஷம் ஆச்சேம்மா. நீ அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அம்மாவின் முதுகு அசையாமல் நின்றது. "சொல்லியிருக்கணும்" என்றாள். "போ. கோட்டை எடுத்துக்க."

* * *

ரெய்னோவின் பட்டறை படகுத்துறைக்குப் பின்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் பனிமேல் ஓடும் வண்டிகள், கோடையில் படகு மோட்டார்கள். ஏப்ரலில் இரண்டும் இல்லை. இந்த ஊரில் உறைபனிமேல் வண்டி ஓட்டுகிற அத்தனை பேருடைய இயந்திரமும் அவன் கைபட்டதுதான். அவன் மட்டும் ஒருநாளும் உறைபனிமேல் கால் வைத்ததில்லை.

தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் ஒரு மோட்டாரைத் தொங்கவிட்டு ஓடவிட்டிருந்தான். பட்டறை முழுக்கப் புகையும் நீராவியும் கலந்து வெளியே இருந்த மூடுபனியோடு சேர்ந்துவிட்டிருந்தது. வெறும் சட்டையோடுதான் இருந்தான். அம்மா சொன்னது சரி.

தங்கையைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தவில்லை. இர்யா கோட்டை நீட்டினாள். வாங்கி ஆணியில் மாட்டினான்.

"என்ன, பரிசோதனையா?" என்று சத்தம் போட்டான். "தபால் ஆபீஸ் கதவு என்ன நிறம்னு கேக்க வந்தியா?"

"மோட்டாரை நிறுத்து ரெய்னோ."

"கேக்குது எனக்கு. சொல்லு."

"அது உன்னோடது!" என்று கத்தினாள். "விழுந்தது நீதான்! நான் அங்க இல்லவே இல்ல! எனக்கு அம்மை!"

அவன் விசையை அழுத்தினான். மௌனம் பட்டறைக்குள் ஒரேயடியாக இறங்கியது. பீப்பாய்த் தண்ணீர் மட்டும் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"அம்மா சொன்னாங்களா?"

"அம்மா சொன்னாங்க. மன்னிச்சுக்க. நான் வேணும்னு எடுத்துக்கலை."

அவன் ஜெயித்தவன்போலத் தெரியவில்லை. ஒரு ஸ்பானரை எடுத்தான், வைத்தான். "சரி விடு, பொடிசு. இத்தனை வயசுக்கப்புறம் அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? வாய் தவறிச் சொல்லிட்டேன். நீ போய்ச் சாயந்திரம் சொல்லு. நல்லாத்தான் எழுதியிருந்த."

"பச்சை வெளிச்சம் இருந்துச்சா ரெய்னோ?"

"என்னது?"

"தண்ணிக்குள்ள. பனிக்கு அடியில. பச்சையா."

அவன் யோசித்தான். "இல்லையே. இருட்டு. நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். குளிர்கூடத் தெரியலை. இருட்டு மட்டும்தான் தெரியும். அப்புறம் அப்பாவோட மீசை என் கன்னத்துல குத்தினது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். அந்த மீசைதான்."

 காலையிலிருந்து பேனா நின்ற இடத்தில் இப்போது பதில் வந்து நின்றது. தூரத்தில் சிவப்பாக, சின்னதாகத் தெரிந்த தொப்பி. மெல்ல அசைந்த சின்னக் கை. தொப்பியைத் தூரத்திலிருந்து பார்த்தது யார்? தண்ணீருக்குள் கண் திறந்திருந்தது யாருக்கு?

"உக்காரு" என்றாள். "உனக்கு ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். கட்டில். குளிர்காலம் முழுக்க. பெயர் வாயில் வந்ததும் நடுங்கிய கை. மாற்றி வைத்த பெயர். தொட்டால் விட முடியாது என்றது. எல்லாவற்றையும் சொன்னாள்.

ரெய்னோ கவிழ்த்துப்போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டான். முடிந்ததும் முகம் சிவந்துபோனது.

"தினமுமா?"

"அம்மா அப்படித்தான் சொன்னாங்க."

"உன் ரூமுக்கு அடுத்த சுவர் என் ரூம். அவர் முணுமுணுன்னு பேசறது எனக்குக் கேக்கும். வார்த்தை புரியாது, குரல் மட்டும் கேக்கும். உனக்கு ராஜா கதை சொல்றார்னு நெனச்சேன். போர்வையைத் தலைக்கு மேல இழுத்துக்குவேன்." எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தான். "சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னைப் பத்தியாடி பேசிக்கிட்டு இருந்தார்?"

"உன்னைப் பத்தி மட்டும்தான்."

அவன் எழுந்து கதவருகே போய் நின்றான். வெளியே படகுத்துறை தெரியவில்லை, ஏரி தெரியவில்லை. வெள்ளை மட்டும் வாசல்வரை வந்து நின்றிருந்தது.  பிறகு திரும்பாமலே சொன்னான்.

"சொல்லு."

"என்ன?"

"அவர் சொன்ன மாதிரியே. எழுதி வச்சியே அதை இல்ல. உன் காதுல இருக்கறதை."

"பேரு?"

"பேரை மாத்தாதே. அவர் எப்படிச் சொன்னாரோ அப்படி."

இர்யா கண்ணை மூடினாள். இத்தனை வருஷமும் இதற்குள் படம் தேடியவள், இப்போது முதல்முறையாகக் குரலைத் தேடினாள். முதலில் எதுவும் வரவில்லை. பீப்பாயில் தண்ணீர் சொட்டுவது மட்டும். பிறகு, வெகுநாள் பூட்டிக்கிடந்த வீட்டில் யாரோ மெதுவாக நடமாடுவதுபோல, அது வந்தது. கட்டில் ஒரு பக்கமாகச் சரியும் பாரம். புகையிலையும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை. அப்பாவின் அடங்கிய குரல்.

"இர்யா போனா. போனா, போனா, ஏரிமேல போனா. அப்பா கரையில வலையைப் பிரிச்சுக்கிட்டு இருந்தார். தலையைத் தூக்கிப் பாத்தார், சிவப்புத் தொப்பி இருந்துச்சு. குனிஞ்சார். மறுபடி பாத்தார், இல்ல.

"அப்பா ஓடினார். ஓடக்கூடாது, ஓடினா பனி உடையும். அதனால படுத்துக்கிட்டார். மீன் மாதிரி வயித்தால போனார். போகப் போக ஏரி பெரிசாயிக்கிட்டே போச்சு. ஏரிகிட்ட அப்பா பேசினார். என் படகை எடுத்துக்க. என் வலையை எடுத்துக்க. என் ரெண்டு கையையும் எடுத்துக்க. இதை மட்டும் குடு.

"ஏரி ஒண்ணும் சொல்லலை.

"ஓட்டை வந்துச்சு. கையை விட்டுத் துழாவினார். தண்ணி, தண்ணி, தண்ணி. அப்ப அப்பா மூச்சை இழுத்து, தலையை உள்ள விட்டு, கண்ணைத் தொறந்தார். உள்ள இருட்டே இல்ல. பச்சையா இருந்துச்சு. தேவாலயத்து ஜன்னல் மாதிரி பச்சை. சத்தமே இல்ல. அங்க ஒரு சின்னக் கை ஆடிக்கிட்டு இருந்துச்சு, அப்பாவைக் கூப்பிடற மாதிரி. அப்பாவுக்குப் பயம் போயிடுச்சு. இவ்வளவு அழகான இடத்துல என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தோணிச்சு.

"பிடிச்சார். இழுத்தார். மேல வந்ததும் மடியில போட்டு, கன்னத்தோட கன்னம் வச்சு ஊதினார். ஊதினார், ஊதினார். அப்புறம் அது அழுதுச்சு. அப்பா இதுவரைக்கும் கேட்டதுலயே அதுதான் நல்ல பாட்டு."

இர்யா கண்ணைத் திறந்தாள். கடைசி வரி அவளுக்கே புதிது. அவள் எழுதியதில் அது இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உண்மையில் கேட்டதா, இப்போது தானே சேர்த்ததா? நோட்டின் மூன்று பத்திகளில் எதில் எழுதுவாள் அதை?

இதையும் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். "ரெய்னோ, கடைசி வரி நிச்சயமா அவருதான்னு என்னால சொல்ல முடியலை."

அவன் கதவுநிலையில் நெற்றியை வைத்திருந்தான். தோள்கள் குலுங்கின.

"பரவாயில்ல" என்றான். "மறுபடியும் சொல்லு."

சொன்னாள். மூன்றாவது தடவையும் கேட்டான். மூன்றாவது தடவை சொல்லும்போது அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு, பழைய கார் இருக்கை ஒன்றில் காலை மடக்கிச் சாய்ந்திருந்தான். நாற்பத்தேழு வயது ஆள். பாதி மூடிய கண்கள். இர்யா தன்னை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

* * *

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்று பேரும் நூலகத்துக்குள் நுழைந்தார்கள். அம்மா நல்ல சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கையில் சூடான ரொட்டி, துணியில் சுற்றியபடி. நூலகத்தில் சாப்பிடக்கூடாது என்ற பலகையை அவள் என்றைக்கும் மதித்ததில்லை.

"நீயே போய்ச் சொல்லேன்" என்றாள் இர்யா, அண்ணனிடம். "உன் கதைதானே."

"மைக் முன்னாடியா? நானா? ஏரியில மறுபடி விழச் சொன்னாலும் விழுவேன்." பிறகு அவள் கையைப் பிடித்தான். "நீ சொல்லு. ஆனா பேரைச் சரியா சொல்லு. அவரால முடியலை, பாவம். உன்னால முடியும்."

அவனும் அம்மாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். ஈரக் கோட்டுகளிலிருந்து மெல்லிய ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் மூடுபனி முகத்தை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

இர்யா எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நான் சொல்லப்போறது எனக்கு நடந்தது இல்ல" என்று ஆரம்பித்தாள். "எனக்கு நடந்ததுன்னு நாப்பது வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது. இதை எங்கப்பா வைனோ எனக்குச் சொன்னார். எங்கண்ணனுக்கு நடந்தது."

மூச்சை இழுத்தாள்.

"ரெய்னோ போனான். போனான், போனான், ஏரிமேல போனான்."

கை நடுங்கவில்லை. கூடம் அசையாமல் கேட்டது. ஒவ்வொரு தடவை அந்தப் பெயரைச் சொல்லும்போதும் கடைசி வரிசையில் ஒரு தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அப்பா ஏரியிடம் பேசிய இடம் வந்தபோது முன்வரிசைக் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பச்சை வெளிச்சத்துக்கு வந்தாள். இனி அது தன்னுடையது இல்லை என்று மங்கிவிடுமோ என்ற ஒரு பயம் அவளுக்குள் இருந்தது. மங்கவில்லை. அப்பாவின் கண்ணால் பார்த்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை காலமும் தூக்கத்துக்கு முன்னால் போய்வந்த இடத்தில் தன்னைத் தேடிப் பார்த்தாள். அங்கே அவள் இல்லை. அங்கே அப்பா இருந்தார்.

முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.  அம்மா தட்டவில்லை, ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் பாசெட் எழுந்தார். "ரொம்ப அருமை. யாராவது ஏதாவது கேக்கணுமா?"

நடுவரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். எட்டு வயது இருக்கும்.

"அந்தப் பையன் அவ்வளவு தூரம் தனியா எதுக்குப் போனான்?"

கூடத்தில் லேசான சிரிப்பு. இர்யா கடைசி வரிசையைப் பார்த்தாள்.  நாலு நாளாக யார் விழுந்தது என்பதுதான் சண்டை. ஏன் போனான் என்று அவள் கேட்கவே இல்லை. அப்பாவின் கதையிலும் அது இல்லை. அங்கே ரெய்னோ எடுத்த எடுப்பிலேயே போய்க்கொண்டுதான் இருந்தான்.

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. ரெய்னோ எழுந்து நின்றிருந்தான். மைக் முன்னால் வரமாட்டேன் என்றவன், முப்பது பேர் திரும்பிப் பார்க்க நின்றிருந்தான். அவன் முகம் பட்டறையில் பார்த்த முகம் இல்லை. ஏழு வயதுப் பையனின் முகம்.

"தனியா போகலை" என்றான்.

அம்மாவின் கை அவன் கோட்டின் நுனியை இறுகப் பற்றியது.

"ரெய்னோ" என்றாள் மெதுவாக. "உக்காரு."

அவன் உட்காரவில்லை.